கம்ப்யூட்டர் வாசிக்காத பாடம்

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். வீடு மஞ்சக்குப்பத்தில், தினமும் பஸ்ஸில் போய் வருவேன். 2009-இல், தபால்வழியில் படிக்கிறவர்களுக்கு இணையத்தில் பாடம் போடும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு டைப்பிங் சரியாக வராது. கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் ஆங்கிலத்தில் நடத்தும் பொருளாதாரப் பாடம் முழுவதையும் கையாலேயே எழுதி, விலை, தேவை வளைகோடுகளைக் கலர் பேனாவில் வரைந்து, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றினேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த வருடம் சனிக்கிழமை வகுப்புக்குக் கம்மாபுரத்திலிருந்து ஒரு பெண் அப்பாவோடு வந்தாள். பிளஸ் டூ முடித்த பிறகு காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்டதாம். வகுப்பு முடிந்ததும் என் குரலை வைத்து நான் நிற்கும் இடத்துக்கு வந்தாள்.

"மேடம், எங்கிட்ட வாசிச்சுக் காட்டுற கம்ப்யூட்டர் இருக்கு. மத்த பாடமெல்லாம் வாசிக்குது. உங்க பாடத்தைத் தொறந்தா படம், படம்னு மட்டும்தான் சொல்லுது."

"வீட்டுல யாரையாச்சும் படிச்சுக் காட்டச் சொல்லேம்மா."

"இங்கிலீஷ் தெரிஞ்சவுங்க யாரும் இல்ல மேடம்."

"சரி, லீவுல டைப் பண்ணிப் போடுறேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். லீவில் விடைத்தாள் திருத்தப் போனேன். தங்கை கல்யாணம் வந்தது. அப்புறம் மறந்தே போனேன்.

அடுத்த வருடம் வருகைப் பட்டியலில் அவள் பெயரைக் காணவில்லை. வீட்டுக்குப் போன் செய்தேன். அவள் அப்பாதான் எடுத்தார்.

"பரீட்சைக்குக் கூட்டிட்டு வந்தேங்க. மத்த பேப்பரெல்லாம் பாஸ். உங்க பேப்பருல மட்டும் போயிடுச்சு. இனிமே படிக்க மாட்டேன்னு சொல்லிடுச்சுங்க."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அன்றைக்கே டைப் செய்ய உட்கார்ந்தேன். இரண்டு விரலால் தட்டித் தட்டி மூன்று மாதம் ஆனது. கஷ்டமாக இருந்தது வளைகோடுகள்தான். விலை ஏற ஏற வாங்குவது எப்படிக் குறைகிறது என்று, கோட்டைப் பார்க்காதவருக்கும் புரிகிற மாதிரி எழுத வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நானே வாசித்துப் பார்ப்பேன். புரியாவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவேன்.

முடித்ததும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கம்மாபுரம் போனேன். அவள் அம்மா டீ போட்டுக் கொடுத்தார். முதல் பாடத்தைக் கம்ப்யூட்டர் வாசித்தது. அவள் அசையாமல் கேட்டாள். ஓர் இடத்தில், "மறுபடி போடுங்க மேடம்" என்றாள். முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"நல்லா புரியுது மேடம்."

"திரும்பச் சேர்ந்துக்கிறியாம்மா? ஃபாரம் கொண்டாந்திருக்கேன்."

"வேணாம் மேடம். இவ்ளோதானான்னு இப்பதான் தெரியுது. எனக்குத்தான் மூளை இல்லன்னு ஒரு வருஷமா நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன். இனிமே பரீட்சை எழுத எனக்குத் தெம்பு இல்ல மேடம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன மேடம் பண்ணுவீங்க" என்றாள். அவள் அப்பா பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தார். இரண்டு முறை மறுபடி போன் செய்தேன். அவள் மனசு மாறவில்லை.

கல்லூரிக் கூட்டத்தில் அந்தப் புதுப் பாடத்தை எல்லாருக்கும் போட்டுக் காட்டினார்கள். ஸ்கேன் படம் இல்லாததால் பிரவுசிங் சென்டரில்கூட சட்டென்று திறக்கிறது என்று மற்ற மாணவர்களும் சந்தோஷப்பட்டார்களாம். கூட்டத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். இதை யாருக்காக எழுதினேன் என்று சொல்ல எழுந்தேன். சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன்.