பப்பாளிக் கறை

என் தம்பி வயிற்றில் இருந்த மாதங்களில் அம்மாவுக்கு மசக்கையைவிடப் பெரிய தொல்லை, வருகிறவர் போகிறவரின் அறிவுரைதான். மஞ்சக்குப்பத்து வாடகை வீட்டின் பின்பக்கம் கத்தரி, வெண்டை, புடலைப் பந்தல், ஒரு பப்பாளி மரம் என்று அம்மா தோட்டம் போட்டிருந்தாள். குனியாதே, குடம் தூக்காதே என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவரும் செடிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை. மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான்தான் கை கடுக்க ஊற்றினேன்.

அறிவுரைக்கெல்லாம் தலைமை அத்தை, அப்பாவின் அக்கா. துணைக்கென்று திட்டக்குடியிலிருந்து வந்து இறங்கிய அன்றே பப்பாளியை வெட்டச் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் அது ஆகாதாம். முந்தைய வருடம் ஒரு கரு மூன்றாம் மாதத்திலேயே கலைந்திருந்ததால் அந்தப் பயம் எல்லோரிடமும் இருந்தது. ஆனால் விதை போட்டு வளர்த்த மரத்தை விடமாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் மரம் இருக்கலாம், ஒரு காயும் பழுக்கக்கூடாது என்று முடிவானது. காய்ப்பதையெல்லாம் அத்தை பச்சையாகவே பறித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார்.

இலை மறைவில் ஒன்று தப்பிவிட்டது. ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தபோது அது மஞ்சளாகத் தொங்கியது. அத்தை கடைக்குப் போயிருந்தார், அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். துரட்டியால் இழுத்து, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து முழுப் பழத்தையும் தின்றேன். தோலைக் கத்தரிப் பாத்தியில் புதைத்தேன். புதைத்த லட்சணம், மறுநாளே கோழி கிளறிவிட்டது.

அத்தை தோலோடு அம்மா முன்னால் வந்து நின்றார்.

"இத யாரு தின்னது?"

அம்மா தனக்குத் தெரியாது என்றாள். அத்தை நம்பவில்லை. அப்பா அரசாங்கம் கொடுத்த கலர் டிவியிலிருந்து தலையைத் திருப்பி, "ஆசைல தின்னிருந்தா சொல்லிடு, டாக்டரம்மாவ பாத்துட்டு வந்துடலாம்" என்றார். அடிக்குப் பயந்து நான் கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். இரண்டு நாள் இதே விசாரணை. மூன்றாம் நாள் அம்மா கையிலிருந்த களைக்கொத்தைத் தரையில் எறிந்தாள்.

"ஆமா அண்ணி, நான்தான் தின்னேன். போதுமா? இனிமே என்ன யாரும் ஒண்ணும் கேக்காதீங்க."

அன்று சாயங்காலமே மரத்தை வெட்டினார்கள். அம்மா அதன்பிறகு தோட்டத்துப் பக்கம் போகவில்லை. அவளுக்கு இடுப்பு வலித்தாலும், கால் வீங்கினாலும் அத்தை அந்தப் பழத்தையே சொன்னார். நான் தப்பித்த நிம்மதியில் வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றினேன்.

தம்பி நல்லபடியாகப் பிறந்தான். தான் வடலூருக்கு வேண்டிக்கொண்டதால்தான் பிள்ளை பிழைத்தது என்றார் அத்தை. அவர் ஃபிளாஸ்கோடு வெளியே போனதும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"உன் யூனிஃபார்ம் சட்டைல அந்தப் பப்பாளிக் கற, நாலு தடவ தோச்சும் போவலடி."

பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால், தின்னாத பழத்துக்காக அம்மா ஆயுளுக்கும் பதில் சொல்லியிருக்க வேண்டும். அது அன்று எனக்கு உறைக்கவில்லை. அப்படியென்றால் புதுச் சட்டை எப்போது வாங்குவோம் என்று கேட்டேன்.