இழுத்துவிட்டு நில்

என் மனைவிக்குக் காது போய்விட்டது. ஒரே நாளில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. காது மிஷின் வாங்கி மாட்டினோம். காதுக்குள் மாவு அரைக்கிற மாதிரி இரைகிறது என்று கழற்றி பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. அவள் காது.

அரும்பாவூருக்குப் பக்கத்தில் மலையடிவாரத்து ஊர் எங்களுடையது. குரங்கு அதிகம். கதவையும் சன்னலையும் பகலில் தாழ் போட்டே வைத்திருப்போம். திறந்திருந்தால் சோற்றுப் பானை கூரைக்குப் போய்விடும். அவள் உள்ளே உட்கார்ந்து ஜாக்கெட் தைப்பாள். நான் எறையூர் மில்லுக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறேன். லோடு இறக்கிவிட்டு வந்து கதவைத் தட்டினால் அவளுக்குக் கேட்காது. வெயிலில் நிற்பேன். அவளாகத் திறந்தால்தான் உண்டு. ஜாக்கெட் துணி கொண்டுவந்த பெண்களும் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

திருப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன் போனில் சொன்னான்.

"யப்பா, அம்மாவ இங்க அனுப்பிடு. காது கேக்காதவங்களத் தனியா வுட்டுட்டு நீ பாட்டுக்கு லோடு ஏத்தப் போயிடுற. நல்லாவா இருக்கு?"

அதை அவளிடம் சொன்னேன். என் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"அங்க போயி டிவியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? என் தையல் மிஷினு இங்க இருக்கு. என்கிட்ட தைக்கிறவங்க இங்க இருக்காங்க. நான் போகல."

அப்படியானால் கதவுக்கு ஒரு வழி செய்தாக வேண்டும்.

மில் வாசலில் வண்டிகள் வரிசையில் கிடக்கும். யோசிக்க நேரம் நிறைய. சத்தம் போடுகிற எதுவும் அவளுக்கு உதவாது. வெளிச்சம்தான் வேண்டும். கரண்டையும் நம்ப முடியாது. டிராக்டரிலிருந்து கழற்றிய பழைய பேட்டரி ஒன்று இருந்தது. அதற்கு எஞ்சினைக் கிளப்பத் தெம்பில்லை, பல்பு எரிக்கும். மஞ்சள் இண்டிகேட்டர் பல்பு ஒன்று எடுத்தேன். பைக்கில் பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு எரிவதற்கு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். இழுத்தால் எரியும், விட்டால் அணையும். அதை வாசல் நிலையில் பொருத்தினேன். பல்பைத் தையல் மிஷினுக்கு எதிரே, ஊசியைப் பார்க்கிற கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சுவரில் வைத்தேன்.

சுவிட்சை இழுக்கக் கயிறு கட்டினேன். கயிற்று முனையில் பிடிக்க ஏதாவது வேண்டும். மணி உதிர்த்த மக்காச்சோளச் சக்கை ஒன்று கிடந்தது. கைக்கு வாகாக இருந்தது. வழுக்காது. அதையே கட்டித் தொங்கவிட்டேன்.

அதுதான் தப்பு. சக்கையில் மணி இல்லை என்று எனக்குத் தெரியும். குரங்குக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் பகலில் பல்பு எரிந்திருக்கிறது. நான்தான் வந்துவிட்டேன் என்று இவள் போய்த் திறந்திருக்கிறாள். இரண்டு குரங்குகள் காலுக்கிடையில் புகுந்து ஓடியிருக்கின்றன. இவள் தடுமாறி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. நான் வந்தபோது எதிர்வீட்டுக்காரி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஊரு உலகத்துல குரங்குக்குக் காலிங் பெல்லு வச்ச மொத ஆளு நீதாண்ணே. அதுங்களுக்குத் தீனியும் கட்டித் தொங்க வுட்டுருக்க."

மனைவி அவள் வாயைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

செய்தி மகனுக்குப் போய்விட்டது. போன் வந்தது.

"ஞாயித்துக்கெழம வரேன்ப்பா. பைய எடுத்து வைக்கச் சொல்லு. இனிமே பேச்சு இல்ல."

கதவில் ஒரு பார்க்கிற ஓட்டை போட்டால் போதும் என்றார் ஊர்த் தச்சர். பல்பு எரியும்போதெல்லாம் எழுந்துபோய் எட்டிப் பார்த்தால் அவள் எப்போது தைப்பது? வேண்டாம் என்றேன்.

சக்கையை அறுத்தெறிந்துவிட்டு இரும்பு வளையம் மாட்டினேன். டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து எதிரே இருந்து பார்த்தேன். குரங்குகள் வளையத்தையும் இழுத்தன. கூரை ஓரத்திலிருந்து கையைத் தொங்கவிட்டு இழுத்தன. இழுக்க ஆரம்பித்தால் அலுக்கிற வரை இழுத்துக்கொண்டே இருந்தன. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் பிடிபட்டது. குரங்கு இழுக்கும். இழுத்துவிட்டு நிற்காது.

உள்ளே போய் அவளுக்குக் கையால் காட்டினேன். ஒரு தரம் இழுத்து, விட்டு, ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்று, மறுபடி இழுத்தால் ஆள். சும்மா படபடவென்று மின்னினால் குரங்கு. திறக்காதே.

அவள் யோசித்தாள்.

"சரி, நான் பாத்துட்டேன்னு வெளிய நிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியலன்னா அவங்களும் சும்மா இழுத்துக்கிட்டுத்தான இருப்பாங்க?"

எனக்கு அது தோன்றவில்லை. வாசலுக்கு வெளியே நிலைக்கு மேலே இன்னொரு பல்பு வைத்தேன். அதற்குப் பழைய ஹாரன் பட்டனை அவள் மிஷின் பலகையில் பதித்தேன். அவள் அழுத்தினால் வெளியே எரியும். பார்த்துவிட்டேன், வருகிறேன் என்று அர்த்தம்.

குரங்குகள் அன்றும் இழுத்தன. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள், நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், அடுத்த தையலுக்குப் போனாள்.

மனிதர்கள்தான் சிரமப்படுத்தினார்கள். எதிர்வீட்டுக்காரி அவசரக்காரி. இழுஇழுவென்று இழுத்தாள். கதவு திறக்கவில்லை. நான் வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"என்னயும் குரங்குக் கூட்டத்துல சேத்துட்டாங்களா அண்ணி?"

"இழுத்துட்டுக் கொஞ்சம் நில்லும்மா" என்றேன்.

"நிக்க நேரமிருந்தா நான் ஏன் ஓடியாறேன்?"

ஆனாலும் கற்றுக்கொண்டாள். தைக்கக் கொடுக்கிற மற்றவர்களுக்கும் அவளே சொல்லிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். நான் டிராக்டருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் நிற்கவில்லை. நேரே கதவைத் தட்டினான். வளையத்தைப் பார்த்து இழுத்தான். விடாமல் இழுத்தான்.

"பாரு, எத்தன தடவ இழுத்தாலும் தொறக்க மாட்டேங்கறாங்க. இதுக்குத்தான் சொன்னேன்."

நான் வாயைத் திறக்குமுன் எதிர்வீட்டுக்காரி கத்தினாள். "தம்பி! நீ இழுக்கறது குரங்கு இழுவை. இழுத்துட்டு நில்லு. அப்புறம் இழு."

முறைத்தான். பிறகு இழுத்தான், நின்றான், இழுத்தான். நிலைக்கு மேலே பல்பு எரிந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். கதவு திறந்தது.

"மொதல்ல கொரங்குன்னு நெனச்சேன்" என்றாள் அவன் அம்மா. "வா, உள்ள வா."

சாப்பிடும்போது கேட்டான். "பை எடுத்து வச்சியாம்மா?"

"இல்ல. அங்க உன் வூட்டுல கதவத் தட்டுறது யாருன்னு எனக்குத் தெரியாது. இங்க தெரியுது. மணிக்கட்டு வீக்கமும் வத்திடுச்சு. பாரு."

கையைச் சுழற்றிக் காட்டினாள். அவன் என்னைப் பார்த்தான். நான் சோற்றைப் பிசைந்தேன். அவள் பேச வேண்டியதை அவள் பேசிவிட்டாள்.

சாப்பிட்டு எழுந்து அவன் வெளியே போனான். கண்ணுக்கு மேல் கையை வைத்து நிலைக்கு மேலே பார்த்தான். பிறகு, "வெளி லைட்டு வெயில்ல சரியாத் தெரியலப்பா. மேல ஒரு மறைப்பு வையி" என்றான்.

"வைக்கணும்" என்றேன்.

அவனே பழைய எண்ணெய் டின்னை எடுத்து வெட்ட உட்கார்ந்தான். வெட்டத் தெரியவில்லை, விரலைக் கிழித்துக்கொண்டான். அவன் அம்மா ஜாக்கெட் துணியில் மிஞ்சிய துண்டைச் சுற்றிக் கட்டினாள். மறைப்பைப் பொருத்தி முடித்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் தனியாகப் போனான்.