குப்பைமேனிக் கட்டும் சிவப்பு ராஃபியா கயிறும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில், பெடாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் தொடங்கியது இது. அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. அம்பாங்கானில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி நமக்காகவும் கொஞ்சம் படிப்போம் என்று பகுதி நேரமாக முதுகலை ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தேன். ஒரு முறை கால நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. இன்னொரு நீட்டிப்பு கிடையாது, முடிக்காவிட்டால் பெயரை நீக்கிவிடுவோம் என்று கடிதமே வந்திருந்தது.

நான் எடுத்துக்கொண்டது குப்பைமேனி. சொறி, படை என்றால் அரைத்துப் பூசுவார்களே, அதேதான். அதன் சாறு உண்மையிலேயே கிருமிகளைத் தடுக்கிறதா, ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் அதில் உண்டா என்று சோதிக்க வேண்டும். தோட்டத்து அலுவலகக் கிராணியிடம் அனுமதி கேட்டபோது, "கோயில் பின்னால நிறைய கிடக்கு டீச்சர், எடுத்துக்குங்க" என்றார். போய்ப் பார்த்தால் எல்லாம் நோஞ்சான் செடிகள். இலைக்கு இலை பூச்சி அரித்த ஓட்டை.

முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பும் வழியில், செம்பனை நாற்றங்காலின் ஓரத்தில் அதே குப்பைமேனி தளதளவென்று நின்றது. ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை. ஏன் இல்லை என்று யோசித்திருக்க வேண்டியவள் நான். பாடம் நடத்துகிறவளாயிற்றே! யோசிக்கவில்லை. இரண்டு கை நிறையப் பிடுங்கினேன். கட்டுவதற்குக் கயிறு இல்லை. பக்கத்தில் ஊன்றியிருந்த குச்சியில் ஒரு சிவப்பு ராஃபியா கயிறு சும்மா கட்டியிருந்தது. அதை அவிழ்த்து இலைகளைக் கட்டி, பெருமையாகக் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சோதனை ஒன்றும் பெரிய மந்திரமில்லை. பூஞ்சையைப் பரப்பிய வட்டத் தட்டில், சாற்றில் நனைத்த ஒரு சிறு காகித வில்லையை வைப்போம். சாற்றுக்குச் சக்தி இருந்தால் வில்லையைச் சுற்றி எதுவும் வளராமல் ஒரு வளையம் தெளிவாகத் தெரியும். என் தட்டில் வந்த வளையம் ஐம்பது காசு அளவுக்கு இருந்தது. என் பேராசிரியை, நிதானமான ஒரு மலாய்க்காரப் பெண்மணி, தட்டை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை பார்த்தார். அடுத்த மாதக் கருத்தரங்கில் நீயே பேசு என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் அந்த வளையத்தைப் பற்றிப் பேசி, என் கணவரின் காதைப் புண்ணாக்கிவிட்டேன்.

கருத்தரங்குக்கு முன் இன்னொரு முறை செய்து பார்க்க இலை வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை மறுபடியும் அதே நாற்றங்காலுக்குப் போய்க் குனிந்தேன்.

"ஹலோ, அங்க கை வைக்காதீங்க லா!"

முதுகில் தெளிப்பான் பம்பு, முகமூடி, முட்டிவரை ரப்பர் பூட்ஸ். முப்பது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. முகமூடியைக் கீழே இறக்கிவிட்டு ஓடி வந்தாள். நான் யார், எதற்கு வந்தேன் என்று கொஞ்சம் மிடுக்காகவே சொல்லி, கைப்பேசியில் இருந்த படத்தையும் காட்டினேன். அவள் இலையைப் பார்க்கவில்லை, கயிற்றைத்தான் பார்த்தாள்.

"இந்தக் கயிறு உங்களுக்கு எங்க கிடைச்சுச்சு டீச்சர்?"

"இங்கதான், ஒரு குச்சியில இருந்துச்சு."

"அது நான் கட்டுனது. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் சேர்த்து ராச்சுன் மருந்து அடிச்சா, யாரும் உள்ள வராம இருக்க செவப்புக் கயிறு கட்டுவோம். அன்னிக்குக் கயிறு கட்டாம விட்டுட்டேன்னு மண்டோர் என்னைத்தான் ஏசுனாரு. ரெண்டு வாரம் நர்சரி வேலையே குடுக்கல."

அவளுக்கு விழுந்த ஏச்சு ஒரு பக்கம். பூஞ்சையைக் கொல்லும் விஷம் பட்ட இலையைக் கொண்டுபோய், அது பூஞ்சையைக் கொல்கிறது என்று நான் கண்டுபிடித்த அழகு இன்னொரு பக்கம்.

"நல்லாக் கழுவிட்டுத்தான் செஞ்சேன்" என்று இழுத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ பக்கத்துல நிக்கிற புல்லையும் எடுத்துட்டுப் போய்ப் போட்டுப் பாருங்களேன். புல்லுக்கும் அதே மாதிரி வந்துச்சுன்னா, அது இலையோட வேலை இல்லதானே?" என்றாள்.

ஆராய்ச்சி மாணவி நான். நான் செய்திருக்க வேண்டிய சோதனையை அவள் சொன்னாள். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கு நன்றி தோன்றவில்லை, வெட்கமும் எரிச்சலும்தான் வந்தன. அவள் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு குப்பைமேனியோடு பக்கத்துப் புல்லையும் பிடுங்கினேன். கிளம்பும் முன், வேலையை மேற்பார்க்கும் மண்டோரைத் தேடிப் போய், கயிற்றை அவிழ்த்தது நான்தான் என்று சொன்னேன். "படிச்சவங்களே இப்படிப் பண்ணா எப்படி டீச்சர்?" என்றார். வாங்கிக்கொண்டேன்.

வண்டியில் வரும்போது மனம் ஊசலாடியது. புல்லைத் தூக்கிப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? வளையம் இருக்கிறது, கருத்தரங்கு இருக்கிறது, பட்டமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மம்பாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்வரை இதே நினைப்புதான். ஆனால் என்னால் ஏச்சு வாங்கி, இரண்டு வாரம் நர்சரி வேலையும் இழந்தவள் சொன்ன புல்லைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை.

மறு வாரம் தட்டைத் திறந்தேன். ஒன்றுக்கும் உதவாத அந்தப் புல்லும் பூஞ்சையைத் தள்ளி நிறுத்தியிருந்தது, குப்பைமேனிக்குச் சமமாக!

தட்டைப் பேராசிரியையின் மேசையில் வைத்து, நடந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கருத்தரங்குப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தார். பிறகு, புல்லைச் சோதிக்கச் சொன்னது யார் என்று கேட்டார். சொன்னேன். "அவரை அல்லவா நான் மாணவியாகச் சேர்த்திருக்க வேண்டும்" என்று சிரித்துவிட்டு, "ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, இன்றைக்கே தொடங்கினால் முடியும்" என்றார்.

கோயில் பின்னாலிருந்த ஓட்டை இலைகளுக்கே போனேன். இந்த முறை பக்கத்துப் புல்லையும் சேர்த்துச் சோதித்தேன். புல்லுக்கு வளையமே இல்லை. குப்பைமேனிக்கு இருந்தது, வில்லையைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு போல. திரும்பத் திரும்பச் செய்தேன், ஒவ்வொரு முறையும் வந்தது. ஆக்சிஜனேற்றத் தடுப்பிக்கான சோதனையில், சாற்றை விட்டதும் ஊதா நிறக் கரைசல் மெல்ல வெளுத்து மஞ்சளானது, தடுப்பி இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். ஆய்வேட்டைக் கடைசி வாரத்தில் கொடுத்தேன், பட்டமும் ஒருவழியாகக் கைக்கு வந்தது.

தட்டின் படத்தை அவளிடம் காட்டத் தோட்டத்துக்குப் போனேன். கைப்பேசியை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தினூண்டுதானா டீச்சர்?"

"இவ்வளவுதான்மா."

"பரவால்ல லா. இது இலையோடது."

இப்போதும் ஏதாவது ஒன்று எனக்கு மிகவும் பிடித்த மாதிரி அமைந்துவிட்டால், ஊருக்கெல்லாம் சொல்லக் கிளம்பும் முன், பக்கத்தில் நிற்கும் புல்லை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.