நடுச்சுவர்க் கோடு

சிங்காநல்லூருக்கு அப்பால் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து பத்து சென்ட் இடம் வாங்கியபோது எனக்கு ஒன்பது வயது. அதுவரை இரண்டு குடும்பமும் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். புது வீட்டைப் பற்றிய பேச்சில் அமெரிக்காவும் சீனாவும் எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டன.

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மாமா போட்டோக்களைப் பரப்பினார். தனித்தனி வீடுகள், சுற்றிலும் புல்வெளி, வாசலில் கார். ஒரு படத்திலும் தெருவில் ஆள் இல்லை. பெரியப்பா மில் இயந்திரம் பார்க்கச் சீனாவுக்குப் போய் வந்தவர். அங்கே பழைய வீடுகளில் நாலு பக்கமும் அறைகள், நடுவில் எல்லோருக்கும் ஒரே முற்றம் என்றார். புது அடுக்குமாடிகளில்கூடக் காலையில் கீழே மைதானத்தில் கூடி எல்லோரும் உடற்பயிற்சி செய்கிறார்கள் என்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செய்தும் காட்டினார்.

"ஏனுங்க மச்சான், ஊடு தனித்தனியா இருந்தாத்தான் நாளைக்குச் சண்டை வராதுங்க" என்றார் மாமா.

அப்பா மாமா பக்கம் சாய்ந்தார். இரண்டு வீடு, நடுவில் ஆளுயரச் சுவர் என்று முடிவானது. பெரியப்பா அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். எனக்கோ பெரியப்பா மகள் பக்கத்தில் படுத்தால்தான் தூக்கமே வரும்.

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முந்திய சாயங்காலம் மேஸ்திரி சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டார். ஆண்கள் டீ குடிக்கப் போன நேரம், நான் நடுக்கோட்டைக் காலால் தேய்த்துத் தேய்த்து அழித்தேன். அழித்த பிறகுதான் பயம் வந்தது.

மறுநாள் காலையில் எல்லோரும் இடத்தில் நின்றிருந்தோம்.

"ஏனுங்க, நடுக்கோட்டைக் காணோமுங்களே! மறுக்காப் போட்டுறட்டுங்களா?" என்றார் மேஸ்திரி.

நான் பெரியப்பா மகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்பா என் பக்கம் திரும்புவதற்குள் அம்மா முன்னால் வந்தாள்.

"வேண்டாமுங்க. நாந்தான் அழிச்சுப்போட்டேன்."

பெரியம்மா நகர்ந்து வந்து அம்மாவை ஒட்டி நின்றாள். அப்பா அவர்கள் இருவரையும் பார்த்தார், பிறகு பெரியப்பாவைப் பார்த்தார்.

"செரி உடுங்க மேஸ்திரி, நடுவுல முற்றமே இருக்கட்டும்."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. என்னை அடியிலிருந்து காப்பாற்ற அம்மா பொய் சொன்னாள் என்று நினைத்து, அன்று முழுவதும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டே திரிந்தேன். அத்தனை நாள் பேச்சில் உனக்கு எப்படி வேண்டும் என்று அவளை ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.