எப்.ஏ. பரீட்சைத் தாளில் பிள்ளையார் சுழி

“…குறி இருந்தா இந்தத் தாள் செல்லாது வே. யார் இதைப் போடச் சொன்னா?” என்று மேற்பார்வைக்கு வந்த கிறிஸ்தவ உபாத்தியாயர் என் பெஞ்சருகே குனிந்து கேட்டபோது, மணி அடிக்கக் கால் மணி நேரமே இருந்தது.

பாளையங்கோட்டையில் எப்.ஏ. பரீட்சை அன்று. காலையில் வாசலிலேயே என் சிநேகிதன் சங்கரன் கேலி பண்ணினான்: “சென்னப்பட்டணத்துச் சர்வகலாசாலைக்கு உன் பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. அதுக்கு நீ வெறும் நம்பர்தாம்லே!” பரீட்சை விதியும் அப்படித்தான். திருத்துகிறவருக்கு ஆள் தெரியக் கூடாதென்று, நம்பரைத் தவிர வேறெந்தக் குறியும் தாளில் ஆகாது. தெரிந்திருந்தும், கடிதமானாலும் கடைச் சீட்டானாலும் பிள்ளையார் சுழி போட்டே பழகிய கை, முதல் தாளின் தலையிலும் போட்டுவிட்டது.

இரண்டு வருஷக் காலேஜுப் படிப்பு அந்த ஒரு சுழியில் போய்விடுமே!

“ஐயா, கை தானாப் போட்டுட்டு” என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். புதுத் தாள் ஒன்றை என் முன்னே வைத்து, “முழிக்காதேயும் வே, எழுதும்” என்றார். முதல் தாளின் இரண்டு பக்கத்தையும் பெயர்த்து எழுதி முடிக்கவும், மணி அடிக்கவும் சரியாயிருந்தது.

இப்போதெல்லாம் பரீட்சை என்றால், சுழியை விரலால் பெஞ்சுப் பலகையில் போட்டுவிட்டே பேனாவைத் தொடுகிறேன். பரீட்சைக்குப் போகும் வாசகர்களும் அப்படியே செய்யலாம்.

அன்று, செல்லாத அந்தத் தாளை உபாத்தியாயர் கிழித்துப் போடுவார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ சுழியின்மேல் மடிப்பு விழாதபடி பைய மடித்து, தம் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.