இடது பக்கம் திரும்ப மறுத்த மாப்பிள்ளை கார்

போன ஞாயிற்றுக்கிழமை திருவாதவூரில் என் அக்கா மகன் செந்திலுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு என்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், மேலே திறந்த வண்டி. ஓட்டுநர், தாய்மாமனாகிய நான்.

இதற்காகவே சக்கரங்களை மாற்றினேன். பதின்மூன்று இஞ்ச் சக்கரமும் ஒல்லி டயருமாகப் போய் நின்றால் மாப்பிள்ளை கார் என்று யார் நம்புவார்கள்? பதினைந்து இஞ்ச் அலாய் வீல், அகலமான டயர்!

கோரிப்பாளையம் டயர் கடை பாய் அப்போதே தடுத்தார். "வேணாம்ணே. சின்ன இன்ஜின், இம்புட்டுப் பெரிய சக்கரத்தை இழுக்கத் திணறும். ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். இந்த வண்டி பறக்குறதே அந்த ஒல்லி டயராலதான்."

கேட்டேனா? டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஸ்கேலை வைத்து அளந்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர். டைரியில் குறித்து பாயிடம் காட்டினேன்.

"அளவு சரிதாண்ணே..." என்று இழுத்தார்.

அன்றைக்கே மாட்டுத்தாவணி அருகே ஒரு ஷேர் ஆட்டோ என்னை முந்தியது. பதினோரு பேரோடு. அதையும் குறித்துக்கொண்டேன் — வேறு பக்கத்தில்.

ஊர்வலத்தில் முதல் திருப்பம் வலது. சுகமாகத் திரும்பியது. அடுத்தது இடது... கிறீச்! ரப்பர் கருகும் வாடை. இடது டயர் மட்கார்டில் கடித்துக்கொண்டு நின்றது.

நான் அளந்தது காலி சீட்டோடு. இப்போது அதில் இருந்தது செந்தில். நூற்று நான்கு கிலோ.

மணி 8.37. முகூர்த்தம் ஒன்பதோடு முடிகிறது.

"மாப்ளய இறக்கி நடக்க விடுங்கப்பா" என்றார் மேளக்காரர்.

"ஆரத்தி எடுக்காம எம்மகன் காலு தரையில படக்கூடாது!" அக்கா கத்தினாள். "எந்தம்பி எல்லாத்தையும் அளப்பான்... இத மட்டும் விட்டுட்டான்!"

செந்தில்தான் யோசித்தான். "மாமா, நீங்க எம்புட்டு வெயிட்டு?"

"ஐம்பத்தேழு புள்ளி நாலு."

"அப்ப இங்கிட்டு வாங்க. நான் ஓட்டுறேன்."

கால் தரையில் படாமல், கியர் கம்பியைத் தாண்டி, ஒருவர் மேல் ஒருவர் ஏறி இடம் மாறினோம். ஸ்டியரிங்கில் இடித்த மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டான். இடது பக்கம் மெல்ல எழும்பியது. வண்டி திரும்பியது.

8.46-க்கு மண்டப வாசல். எதையும் அளந்துவிடலாம், சார்... அதில் யார் ஏறி உட்காரப்போகிறார் என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும்!

இந்தத் தத்துவத்தை நான் முடிப்பதற்குள், பெண்வீட்டுக்காரர்கள் தட்டோடு வந்துவிட்டார்கள். மாலையோடு இடது சீட்டில் இருப்பவர்தானே மாப்பிள்ளை? எனக்கு ஆரத்தி சுற்ற ஆரம்பித்தார் ஒரு பெரியம்மா. சுற்றியபடியே பக்கத்துப் பெண்ணிடம், "போட்டோவுல பாத்ததுக்கு மாப்ள ரொம்ப எளச்சுட்டாரே..." என்று கவலைப்பட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மனைவி வந்தாள்.

"பெரியம்மா, தட்ட அந்தப் பக்கம் கொண்டு போங்க. இவருக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருசமாச்சு... இனி எந்தக் கண்ணும் படாது!"