உட்காராமல் விற்ற கோப்பைகள்

என் பெரியப்பா ஒரு கடையில் விற்பனையாளராக இருபத்தேழு வருடங்களாகக் கழிப்பறைக் கோப்பைகள் விற்கிறார். ஆனால் அந்தச் சொல்லை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. கடையில் எல்லாமே ‘பீஸ்’தான். “இந்த பீஸ் உங்க வீட்டுக்கு லட்சணமா இருக்கும்” என்பார், நகைக்கடைக்காரரின் குரலில்.

வாங்க வருகிறவர்கள் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். மூடியைத் தூக்கி விடுவார்கள். பின்பக்கம் எட்டிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். உட்கார்ந்து மட்டும் பார்க்க மாட்டார்கள். வெட்கம் ஒரு காரணம். ஒவ்வொரு பீஸின் மேலும் இருக்கும் அட்டை இன்னொரு காரணம்: ‘காட்சிக்கு மட்டும். உட்காரக் கூடாது.’ முத்து முத்தான அந்தக் கையெழுத்து பெரியப்பாவுடையது.

ஊரில் பாதி வீடுகளுக்குப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தவர் வீட்டில், தரையோடு பதித்த பழைய கோப்பைதான் இருந்தது. மாற்றச் சொன்னால், “புது மாடல் வரட்டும்” என்பார். வருடத்துக்கு நாலு புது மாடல் வந்துகொண்டுதான் இருந்தது.

பெரியம்மா தபால் பிரிக்கும் அலுவலகத்தில் முப்பது வருடம் நின்றே வேலை பார்த்தவர். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. கொஞ்ச காலமாக, கழிப்பறைக்குள் போனால் தானாக எழுந்திருக்க முடியாது. கதவைத் தட்டுவார். பெரியப்பா போய்க் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். அடுத்த மாதம் முழங்காலில் ஆபரேஷன் என்று முடிவானதும், டாக்டர் இனிக் குந்தவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

“கலரு, டிசைனு எல்லாம் உங்க இஷ்டம்,” என்றார் பெரியம்மா. “யாரையும் கூப்பிடாம நானா எழுந்திருக்கணும். எனக்கு அது ஒண்ணு போதும்.”

“நான் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். நீ வரவே வேண்டாம்.”

“உட்காரப் போறது நான்தானே? வரேன்.”

துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டார்.

பெரியப்பா தேர்ந்தெடுத்திருந்தது, கடையில் பீஸ்களை வரிசையாக வைத்திருந்த மேடையின் விளிம்பில், விளக்கு வெளிச்சத்துக்கு நேர்கீழே இருந்தது. வளைந்து, வழவழவென்று, கழுத்தை மடக்கிய அன்னம் போல.

“இதைப் பார்த்தா வேற எதையும் பார்க்க மனசு வராது,” என்றார்.

“பார்க்கவா வாங்குறோம்?” பெரியம்மா அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

கல்லாவில் இருந்த பெண் எழுதுவதை நிறுத்தினாள். பெரியப்பாவின் காது சிவந்தது. ஆனால் பெரியம்மா எதையும் பிடிக்காமல் சட்டென்று எழுந்துவிட்டார்.

“பார்த்தியா? இருபத்தேழு வருஷ அனுபவம்.”

பெரியம்மா தன் கால்களைப் பார்த்தார். அவை கடைத் தரையில் இருந்தன. கோப்பை ஐந்து அங்குல மேடை மேல் இருந்தது.

“ஏங்க, இந்த மேடையையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்புவாங்களா?”

 பெரியப்பா தானே குனிந்து பீஸை இரண்டு முழம் பின்னால் தள்ளினார். பெரியம்மா மேடையில் ஏறி, காலை அங்கேயே ஊன்றி மறுபடி உட்கார்ந்தார். ஒரு தடவை முயன்றார். இரண்டாம் தடவை முயன்றார். அதற்குள் பெரியப்பாவின் கை பழக்க தோஷத்தில் நீண்டிருந்தது.

“கை மட்டும் எப்பவும் தயாரா இருக்கு,” என்று அதைப் பிடித்து எழுந்தார் பெரியம்மா.

அடுத்ததில் உட்கார்ந்தார். அதற்கடுத்ததிலும். ஒவ்வொன்றாக அட்டைகள் பெரியப்பாவின் கைக்கு வந்தன. ஒவ்வொரு முறையும் மற்றக் கை நீள வேண்டியிருந்தது.

வரிசையின் கடைசியில், மேடைகூட இல்லாமல், வெறும் தரையில் ஒன்று தூசி படிந்து நின்றது. வழக்கத்தைவிட உயரம். கடையில் அதன் பெயர் ‘ஒட்டகம்’. நாலு வருடமாக விற்கவில்லை. விசாரித்த ஒன்றிரண்டு பேரையும், “அது ஆஸ்பத்திரி சமாச்சாரம் சார், வீட்டுக்கு நல்லா இருக்காது” என்று திருப்பியவர் பெரியப்பாதான்.

பெரியம்மா கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். எழுந்தார். நம்பிக்கையில்லாமல் இன்னொரு தடவை உட்கார்ந்து எழுந்தார்.

“இதுதான்.”

“அது பார்க்க அழகா இருக்காதும்மா.”

“நான் மேல உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அது எங்க தெரியப் போகுது?”

முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “என்ன சார், ஒட்டகத்தைத் தள்ளிவிட்டுட்டீங்களா? யாரு அந்தப் புண்ணியவான்?”

“நம்ம வீட்டுக்குத்தான் சார்.”

முதலாளியின் தலை உள்ளே போய்விட்டது. அதுவரை ஒரு பீஸைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வயதானவர், தன் மனைவியிடம் பையைக் கொடுத்துவிட்டு, அட்டையைத் தூக்கி ஓரமாக வைத்து, பேருந்தில் இடம் கிடைத்தவரைப் போல நிம்மதியாக உட்கார்ந்தார். பெரியப்பா கையில் அட்டைக்கட்டோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆபரேஷன் முடிந்து பெரியம்மா வீட்டுக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். வாக்கரைத் தள்ளிக்கொண்டு, ஒட்டகத்தைப் பதித்திருந்த கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பெரியப்பா எதிரே நாற்காலியில் செய்தித்தாளை விரித்தார். ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் எழுந்துபோய்க் கதவருகே நின்றார்.

கதவு திறந்தது. பெரியம்மா வாக்கரைப் பிடித்து நின்றார், தனியாக. முகம் வியர்த்திருந்தது. நீண்டிருந்த கையைப் பார்த்தார்.

“கூப்பிட்டேனா?”

“இல்ல.” கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெரியப்பா கதவைத் தடவினார். “தாழ்ப்பாள் கொஞ்சம் டைட்டா இருக்கு. அதைப் பார்க்க வந்தேன்.”

“வந்தது வந்தீங்க, உள்ள போய் ஒரு தடவை நீங்களும் உட்கார்ந்து பாருங்க. இத்தனை வருஷமா விக்கிறீங்க.”

பெரியப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வர வெகு நேரமாயிற்று.